மூன்று குட்டிகள், மூன்று பொட்டுகள்

எதையும் வரிசை எண் போட்டு எழுதிவிட்டால் தவறே நடக்காது என்று நம்புகிறவள் நான். நம்பினேன் என்று திருத்திக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். தாயின் வயிற்றில் ஊட்டம் போதாமல் சிறுத்துப் பிறக்கும் குட்டிகள் பிற்பாடு எப்படி வளர்கின்றன என்பது ஆய்வு. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் செல்வியக்காவின் ஆடு மூன்று குட்டி போட்டதாகக் கேள்விப்பட்டதும் தராசோடு ஓடினேன். மூன்றும் ஒரே வெள்ளை. அதில் ஒன்று என் கைப்பைக்குள் அடங்கிவிடும் அளவு.

காதில் அடையாள வில்லை மாட்ட அக்கா விடவில்லை. ("பச்சக் கொயந்த காதுல ஓட்ட போடுவியா நீ?") என்னிடம் மாற்று ஏற்பாடு இருந்தது. (எப்போதும் இருக்கும்.) சின்னதின் நெற்றியில் கண்மையால் பொட்டு வைத்து, அழிய அழிய வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. என் பட்டியலில் அந்த வரி இல்லை.

மூன்று மாதம் கழித்து நான் அடுத்த எடை பார்க்கப் போனபோது பேராசிரியையும் நேரில் பார்க்க வந்தார். அவருக்குத் திருப்தியானால்தான் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் வேறு தலைப்பு தேட வேண்டும். அக்கா குட்டிகளை அவிழ்த்துவிட்டாள். மூன்று நெற்றியிலும் பொட்டு.

"திருஷ்டிக்குத்தானே வெச்ச? ஒண்ணுக்கு மட்டும் வெச்சா மத்ததுங்க இன்னா பாவம் பண்ணுச்சு?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ இருப்பதில் நோஞ்சானைத் தூக்கி வைத்துக்கொண்டு, கருவில் பட்ட குறை காலத்துக்கும் போகாது என்று பத்து நிமிடம் பேசினேன். குரல்கூட நடுங்கவில்லை. பேராசிரியையும் தலையசைத்துக்கொண்டே கேட்டார்.

"அது பெருசும்மா," என்றாள் அக்கா. "போன வாரம் வவுத்தால போயி எளச்சிக் கீது. உன் சின்னது இதோ நிக்குது பாரு. பாவம்னு தெனம் ஒரு இட்லி குட்த்தேன்."

அவள் காட்டியது, இருப்பதிலேயே உருண்டையான குட்டி. பேராசிரியை குனிந்து அதன் முதுகையும் நெஞ்சையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கையில் படுவது சதை இல்லை, கொழுப்பு. வயிற்றிலேயே சதை குறைவாக உருவான குட்டியை அவசரமாக ஊட்டி வளர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று எழுதியவள் நீதானே? உன் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் படித்தேன்."

என் முதல் பக்கத்தை நானே மறந்திருந்தேன்.

தலைப்பு தப்பியது, ஒரு நிபந்தனையோடு: எந்தக் குட்டி எது என்பதை இனி செல்வி சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தவறு. மந்தைவெளி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கினால்கூட, செல்வி பார்த்தாச்சா என்று கேட்கிறார் அப்பா.

போன மாதம் வந்த வரன்களில் ஒருவரின் போட்டோவை எடுத்து, இவர் சரி என்றேன். அப்பா வாயைத் திறக்குமுன் நானே நொச்சிக்குப்பம் போய்க் காட்டிவிட்டேன். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீறாரு. இவருதான்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"