ஊர் நீதிபதி ஆகாமலிருக்கத் தாளம் படித்தேன்

பெருமதிப்பிற்குரிய அக்கா எர்மெலிந்தாவுக்கு,

தம்பி ஒனேசிமோ பணிவுடன் எழுதுவது. வஹாக்கா நகரத்தின் புழுதியிலும் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஊர் பேண்டில் சேரச் சொன்னது நீங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை. ஊர் நீதிபதி தியோதுலோ படுத்த படுக்கையானதிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் மேல் எல்லார் பார்வையும் விழுந்துவிட்டது. சம்பளமில்லாத பதவி, ஊர்க்கூட்டம் கைதூக்கிவிட்டால் மறுக்கவும் முடியாது. எந்த அவோகாடோ மரம் யார் எல்லையில் நிற்கிறது என்று, அரிவாளோடு வரும் அண்ணன் தம்பிகளிடம் சொல்லவேண்டும். கடையில் எந்த ரொட்டி வேண்டும் என்று கேட்டாலே எனக்கு வியர்க்கும். பேண்டில் வாசிப்பவனுக்கு மட்டும் பதவியிலிருந்து விலக்கு உண்டு; ஆனால் தாளக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால்தான் பேண்டில் இடம்.

பேண்டை நடத்துபவள் எவோதியா, கசாப்புக்காரர் மகள், என்னிடம் பின்னக் கணக்கு படித்தவள். அவள் சொல்லித் தந்த தாளக் குறிகளில் வெறும் வட்டம் நான்கு தட்டு, வால் வைத்தால் இரண்டு, கறுத்தால் ஒன்று, கொடி முளைத்தால் அரை. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சரியாக வருகிறது. மேசையில் தட்டினால் எனக்கு ஐந்து வருகிறது. குறிக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் அதில் பாதி கூடுமாம்.

"ஏம்மா, பாதி எதுக்குக் கூடணும்?"

"வாத்தியாரே, நீங்க பின்னம் சொல்லித் தந்தப்போ நாங்க எதுக்குன்னு கேட்டமா?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க அழுதிருப்பீங்க. பேசாம தட்டுங்க."

கடைசியில் பித்தளைத் தாளத் தட்டுகளைக் கொடுத்தாள். அதற்கான இசைத் தாளில் பெரும்பாலும் ஓய்வுக் குறிகள்தான். சும்மா இருப்பதை எண்ணிக்கொண்டு நிற்கவேண்டும். இந்த ஒரு திறமையாவது எனக்கு இருக்கும் என்று நினைத்தேன்.

இன்று தியோதுலோவின் அடக்கம். ஊர்வல இசையில் எனக்கு ஒரே ஒரு அடி. முதல் பகுதியைத் திரும்ப வாசிக்கவேண்டும் என்று தாளில் குறி இருக்கிறது. ஆனால் பெட்டி கல்லறைக் குழியை அடைந்ததும் எவோதியா கையை மடக்குவாள், அதோடு முடித்துவிடுவது இங்கே வழக்கம். மடக்கினாள். எல்லாரும் நிறுத்தினார்கள். தாளிலிருந்து கண்ணை எடுத்தால் எண்ணிக்கை போய்விடுமே என்று நான் பார்க்கவில்லை. சத்தம் நின்றது தெரிந்தது. மென்மையாக வாசிக்கும் இடம் என்று எடுத்துக்கொண்டேன். பாதிரியார் ஜெபத்தில் மூச்சு வாங்கிய கணத்தில் என் இடம் வந்தது. முழு பலத்தோடு அடித்தேன்.

பாதிரியார் புத்தகத்தைக் குழிக்குள் போட்டுவிட்டார். விதவை பிரக்சேதிஸ் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, அவர எழுப்பிடாதீங்க. இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு," என்றாள். எவோதியா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தாள்ல இருந்தத வாசிச்சீங்க. ஆனா என்னப் பாக்கல. நாளைக்குக் கூட்டத்துல உங்களப் பத்திக் கேப்பாங்க, நான் பொய் சொல்லமாட்டேன்," என்றாள்.

ஆகவே அக்கா, உங்கள் பின்கட்டு அறையை ஒழித்து வையுங்கள். காலையில் தட்டுகளை ஒப்படைத்துவிட்டு, என் பெயரை யாராவது சொல்வதற்குள் பேருந்து ஏறிவிடுவேன். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கன்னி மரியாள் உங்கள் வீட்டாரைக் காக்கட்டும். அந்த வீட்டார் பட்டியலில் கடைசியாக என்னையும் சேர்த்துக்கொண்டால் நன்று.

தங்கள் பணிவுள்ள தம்பி,
ஒனேசிமோ

பி.கு.: அறை வேண்டாம். தட்டுகளை ஒப்படைக்கப் போன இடத்திலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. எவோதியா கூட்டத்தில் உண்மையைச் சொன்னாள்: "ஊரே ஒரு பக்கம் போனாலும் இவரு எழுதியிருக்கறதத்தான் செய்வாரு. பேண்டுக்கு ஒதவமாட்டாரு." உடனே பிரக்சேதிஸ் எழுந்தாள். "நீதிபதிக்கு வேற என்னய்யா வேணும்?" எல்லாக் கைகளும் உயர்ந்தன. மறுக்க எழுந்தேன். அதற்குள் புதிய நீதிபதிக்கான வாழ்த்து இசையை பேண்டு தொடங்கிவிட்டது. தட்டுகள் என் கையில். முன்னால் தாள் இல்லை. வேறு வழியில்லாமல் எவோதியாவைப் பார்த்தேன். தலையசைத்தாள். அடித்தேன். இம்மியும் பிசகவில்லை, அக்கா. தன் வாழ்த்துக்குத் தானே தாளம் போட்டவன் மறுத்தான் என்று யார் நம்புவார்கள்?

"வாத்தியாரே, இப்ப உங்கள பேண்டுல சேத்துக்கலாம்," என்றாள் எவோதியா.

"கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"முன்னாடி நீங்க என்னப் பாக்கலையே."