இடது கால் ஷூவும் என் செமினாரும்

பொருளாதாரப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உதாரணத்துக்கு எது தோன்றுகிறதோ அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அதை எந்த ஊரில், யார் வீட்டுப் பெண் உட்கார்ந்து படிப்பாள் என்று யோசிப்பதே கிடையாது. காபியும் டீயும், பேனாவும் மையும் என்று எழுதிக்கொண்டிருந்த வரை எனக்கும் அவர்களுக்கும் ஒரு தகராறும் இல்லை. இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் என்று எழுதினார்கள் பாருங்கள், அங்கேதான் எங்கள் குடும்பத்தின் வாயில் மண் விழுந்தது.

நான் ஆம்பூர்க்காரி. வேலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முதல் வருடம், தினமும் பஸ்ஸில் போய்வந்து படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் கொஞ்சம் தலைக்கனம். (கொஞ்சமா? என் தங்கை ஷபானாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.) தக்காளி விலை ஏறினால் அம்மாவை உட்காரவைத்துத் தேவை, அளிப்பு என்று இரண்டு கோடு போட்டு விளக்குவேன். வீட்டில் நாங்கள் பேசுவது உருது. அம்மா உருதுவில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கோடு போட்டது போதும், போய்த் தக்காளி வாங்கிட்டு வா."

அப்பா ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவருக்கு முதலில் ஒரு மாதிரி ஷூ செய்து அனுப்புவார்கள். மாதிரிக்கு ஒரு கால் போதும், எதற்கு ஜோடி? ஆர்டர்காரர் வேண்டாம் என்று கழித்துவிட்ட சாம்பிள்கள் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு இடது கால் பூட்ஸ். அம்மாவின் துணி கிளிப்புகள் இன்னொரு இடது காலுக்குள் கிடந்தன. என் பேனாக்கள் குடியிருந்ததும் ஒரு ஒற்றை ஷூவில்தான். வீட்டில் யாருக்காவது வலது கால் மட்டும் இருந்திருந்தால் ஷூவுக்குப் பட்டினிதான்.

அந்தச் சமயம் அப்பாவை சாம்பிள் ரூமுக்கு இன்சார்ஜ் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. கையில் இருந்த ஒரு பெரிய ஆர்டர் நல்லபடியாகக் கப்பல் ஏறினால் நிச்சயம் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அப்பா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஆனால் புதிதாக இரண்டு சட்டைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தார். அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த இரண்டு சட்டைகளுக்குத்தான்.

எனக்கு செமினார் வந்தது. தலைப்பு: முழு நிரப்புப் பண்டங்கள். ஒன்று இல்லாமல் மற்றது உதவாது. புத்தகத்து உதாரணம் ஷூ. ஷூ ஊர்க்காரியான நான் வெறும் கையோடு போய் நிற்கலாமா? ஒற்றை ஷூவையே கொண்டுபோய்க் காட்டி, வகுப்பையே வாய் பிளக்க வைப்பது என்று முடிவெடுத்தேன். காலையில் தேடினால், பேனா ஷூவை எலி கடித்திருந்தது. துணி கிளிப் ஷூவில் சோப்பு வாசனை. டி.வி. பக்கத்தில் அப்பாவின் சாப்பாட்டுப் பையில் ஒரு அட்டைப் பெட்டி தெரிந்தது. திறந்தேன். டிஷ்யூ பேப்பருக்குள் காபிக்கொட்டை நிறத்தில், முகம் பார்க்கலாம் போல, ஒரு இடது கால் ஷூ.

அதில் ஒரு டேக் தொங்கியது. ஏதோ கையெழுத்து, ஏதோ சீல். பழைய சாம்பிள் எல்லாவற்றிலும் இப்படி ஏதாவது தொங்கும், நாங்கள் வெட்டிப் போடுவோம். வெட்டிப் போட்டேன். ஷூவைத் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல பெண்ணாகப் பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம், "செமினாருக்கு ஒரு ஷூ எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அம்மா பேனா ஷூ என்று நினைத்து, "அலம்பி எடுத்துட்டுப் போ" என்றாள்.

அது என்ன ஷூ என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அது கழித்துக்கட்டிய சாம்பிள் இல்லை. வாங்குகிறவர் பார்த்து, 'இப்படித்தான் வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சாம்பிள். செய்து முடித்த சரக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் போடுவார்கள். அன்றைக்குப் பேரணாம்பட்டு ரோட்டில் இருந்த இன்னொரு யூனிட்டில் இன்ஸ்பெக்‌ஷன். நேராக அங்கே போவதற்காகத்தான் அப்பா முதல் நாள் மாலையே அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பையில் டிபன் கேரியரும் இருந்ததால் கனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மேனேஜர், இன்ஸ்பெக்‌ஷன்காரர், லைன் சூப்பர்வைசர் எல்லாரும் சுற்றி நிற்க, அப்பா பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது.

அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வேலூரில், போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு, நான் ஷூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"இந்த ஒற்றை ஷூவின் பயன்பாடு பூஜ்யம்!" என்று முழங்கினேன். (முழங்கினேன் என்பது என் கணக்கு. கீச்சென்று கத்தினாய் என்று தோழிகள் சொல்கிறார்கள்.) "இதை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்!"

"ரைட் ஷூவும் கொண்டு வந்திருக்கலாமேம்மா?" என்றார் மேடம்.

"எங்க வீட்ல ரைட்டே கெடையாது மேடம்."

வகுப்பு சிரித்தது. எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. கரும்பலகையில் சமநோக்கு வளைகோட்டை எல் எழுத்து மாதிரி வரைந்து, அதன் மூலையில் ஷூவின் மூக்கை வைத்துக் காட்டினேன். "யாருக்காவது வேணுமா? சும்மாவே தர்றேன்!" என்று ஏலம் வேறு விட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "இங்க குடு, எங்க வீட்டு நாய்க்கு ஆவும்" என்றான்.

அப்போதுதான் வாசலில் அட்டெண்டர் தெரிந்தார். அவருக்குப் பின்னால் அப்பா.

நான் ஒரு ஷூ எடுத்துப்போனதை அம்மா போனில் சொல்லியிருக்கிறாள், உடனே கம்பெனிக் காரில் அவரை அனுப்பியிருந்தார்கள். ஐ.டி. கார்டு கழுத்திலேயே தொங்கியது. புதுச் சட்டை இரண்டில் ஒன்றைப் போட்டிருந்தார், முதுகெல்லாம் நனைந்திருந்தது. மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். என் கையில் ஷூவைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். ஷூவை வாங்கினார், திருப்பினார், உள்ளே விரலை விட்டுத் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"டேக் இன்னா ஆச்சு?"

தமிழில் கேட்டார். பிறந்ததிலிருந்து என்னோடு உருதுவில் மட்டுமே பேசிய மனிதர், கம்பெனியில் யாரோ ஒரு ஆளைக் கேட்கிற மாதிரி தமிழில் கேட்டார்.

"வெட்டிட்டேன்பா. குப்பையில போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. மேடத்திடம் மறுபடி கும்பிட்டுவிட்டு நடந்தார். கீழே காரிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். குப்பை வண்டி எப்போதோ போய்விட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஷூவை இன்ஸ்பெக்‌ஷன்காரரிடம் காட்டியபோது, "டேக் இல்லன்னா இது எந்த ஷூவா வேணாலும் இருக்கலாம் பாய்" என்றாராம். அவர் சொன்னதும் நியாயம்தானே! வெளிநாட்டுக்கு எழுதி, வேறு சாம்பிளுக்கு சீல் வாங்கி வருவதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பி, லாபத்தை எல்லாம் கம்பெனி அதற்கே அழுதது. அந்த ஒற்றை ஷூவின் பயன்பாடு பூஜ்யம் என்று நான் முழங்கியபோது ஒரு கன்டெய்னரே அதற்காகக் காத்துக்கிடந்தது. ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை. காலையிலேயே கத்தரிக்கோலால் அதைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இன்சார்ஜ் வேலை வேறொருவருக்குப் போனது. அப்பாவை சாம்பிள் ரூமிலிருந்தே எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? இடது காலையும் வலது காலையும் ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைப்பது. "வேலையை விட்டு அனுப்பலையே, அது போதும்" என்றாள் அம்மா. இன்னொரு புதுச் சட்டை பீரோவிலேயே கிடந்தது. வீட்டுக்கு ஒற்றை ஷூ வருவது அதோடு நின்றது. செமினாரில் எனக்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க். நேரடி உதாரணம் பிரமாதம் என்றார் மேடம். அந்த மார்க்கை நான் வீட்டில் சொல்லவே இல்லை.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். டிகிரி முடிக்கிற வரை, காலையில் அவர் பையைத் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போனேன். சாப்பாட்டுப் பைதான், வேறொன்றும் இருக்காது.

பிறகு எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பேரணாம்பட்டு. எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் ஷூவைப் பெண்ணின் தங்கைகள் ஒளித்துவைத்துக்கொண்டு, பணம் கொடுத்தால்தான் தருவோம் என்று வம்பு செய்வது வழக்கம். ஷபானா சாமர்த்தியசாலி, இரண்டையும் தூக்காமல் ஒன்றை மட்டும் தூக்கிவிட்டாள். விருந்து முடிந்து கிளம்புகிற நேரம் மண்டபத்தில் ஒரே கலாட்டா. "லெஃப்ட் ஷூவக் காணோம்!" என்று மாப்பிள்ளையின் தோஸ்துகள் கத்தினார்கள்.

நான் முக்காட்டை விலக்கி அப்பாவைத் தேடினேன். அப்பா பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர், மெதுவாக நடந்து வந்தார். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது, எங்கள் ஆட்களுக்குக் கதை தெரியும். ஷபானாவிடம் கையை நீட்டினார். அவள் பயந்துபோய், என் நாற்காலிக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தையலைத் தடவினார். உள்ளே விரலை விட்டுத் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்து, தமிழில் கேட்டார்.

"டேக் இன்னா ஆச்சு?"

முதலில் வெடித்துச் சிரித்தது அம்மா. அப்புறம் மண்டபமே சிரித்தது. நான் மட்டும் கண் மை வழிய அழுதேன். ஒன்றும் புரியாத மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "இன்னா டேக்?" என்று எல்லாரையும் கேட்டார்.

இப்போது வீட்டில் சாவி காணோமா, ரிமோட் காணோமா, யாராவது ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். என் கணவர்தான் ஜாஸ்தி கேட்கிறார். அப்பா இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறார். நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் பையை வாங்கித் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற்றிவிடுகிறார்.