வாறுகால் பாகப்பிரிவினை

சங்கரன்கோவில்
23.9.1981

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை சண்முகையா அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் ஆறுமுகச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை சுந்தரம்மாளும் கோமதியம்மன் புண்ணியத்தில் சுகம். திருநெல்வேலியில் தாங்களும், எட்டாம் மாதம் நடக்கும் என் மகள் கோமதித்தாயும் சுகமென்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் வாசல் வாறுகாலின் சாக்கடை நாற்றம் தீராமல் கோமதித்தாயைப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். என் மகள்மேல் என்னைவிட அக்கறையாக ஒரு ஆள் இருக்கிறதே என்று கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் சுந்தரம்மாள் என்னைத் தெருவில் நிறுத்திவிடுவாள். அந்தத் தெருவிலோ இப்போது நிற்க முடியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு தெருக்காரர்கள் ஐந்து வீட்டாரும் கூடினோம். சுகாதார ஆபீஸ் ஆட்கள் மாதம் ஒருதரம்தான் வாறுகாலை அள்ள வருகிறார்கள். "சர்க்கார் வாறுகால்னா எவனுக்கு அக்கறை? அவனவனுக்குச் சொந்தம்னு ஆக்கிப் பாருங்க, எப்படிப் பளிச்சுனு கெடக்கும்னு தெரியும்" என்றான் பள்ளத்து வீட்டு வெள்ளத்துரை. எனக்கும் அது சரியாகப் பட்டது. வாறுகாலை எங்களுக்கே விட்டுவிடும்படி ஆபீஸில் மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் சம்மதம்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, நாற்பது வருஷம் பத்திர ரைட்டராக இருந்த கை சும்மா இருக்குமா, முத்திரைத்தாள் வாங்கி, வாறுகாலை ஐந்து பாகமாக்கி, நான்கு எல்லையும் போட்டு, புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

முதல் வாரம் பார்க்க வேண்டுமே! மேல்வீட்டுப் பேச்சித்தாய் தன் பாகத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். யாரோ வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போக, "ஏலே, துப்புததுன்னா உன் பாகத்துல போயித் துப்பு! இது எம் பேருக்கு எழுதினதாக்கும்" என்று விரட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வாரம் வெள்ளத்துரை தன் எல்லையில் ஒரு பலகைக்கல்லை நட்டு அடைத்தான். கேட்டதற்கு, "அண்ணாச்சி, பத்திரத்தை எடுத்துப் பாருங்க. உங்க வீட்டுத் தண்ணி என் பாகத்துல போலாம்னு எங்கன எழுதியிருக்கீய?" என்கிறான். பதினோரு தரம் படித்தேன். எழுதவில்லை, மாப்பிள்ளை. ஊரார் பத்திரத்திலெல்லாம் நடக்க நடைபாத்தியம், தண்ணீர் போக நீர்ப்பாத்தியம் என்று மறக்காமல் எழுதினவன், தண்ணீருக்கே வெட்டின வாறுகாலில் நீர்ப்பாத்தியத்தை விட்டுவிட்டேன். உடனே நான் அடைத்தேன், என்னைப் பார்த்துப் பேச்சித்தாய் அடைத்தாள், மற்ற இரண்டு வீட்டாரும் அடைத்தார்கள். இப்போது தெருவில் ஐந்து குட்டை. ஆபீஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டால், "பட்டா உங்களுக்கு, நாத்தம் மட்டும் சர்க்காருக்கா அண்ணாச்சி? நாங்க மம்பட்டி வச்சா கேசு போடுவீயளே" என்று சிரித்துவிட்டுப் போகிறார். தண்ணீர் விட இடமில்லாமல் பத்து நாளாகச் சோற்றை வடிக்காமலே குழைத்துச் சாப்பிடுகிறோம். "ஊருக்கெல்லாம் வழி எழுதிக் குடுத்தீய. எனக்குக் கஞ்சி வடிக்க ஒரு வழி எழுதல பாத்தீயளா" என்கிறாள் உங்கள் அத்தை.

வாறுகாலைச் சர்க்காருக்கே திருப்பி எழுதிக் கொடுக்கலாம் என்றால், "பழையபடி நாற விட்டிருவாவ, நான் தரமாட்டேன்" என்று பேச்சித்தாய் தன் சுண்ணாம்புக்கு முன்னால் நிற்கிறாள். அவள் கையெழுத்துப் போடாமல் வெள்ளத்துரையும் போட மாட்டானாம்.

ஆகவே தாங்கள் எழுதியதே நியாயம். பிரசவம் அங்கேயே நடக்கட்டும். உங்கள் அத்தையை நாளை மறுநாள் அனுப்பி வைக்கிறேன். நான் இங்கே குட்டைக்குக் காவலாக இருந்துகொள்கிறேன். பிள்ளை பிறந்ததும் தந்தி கொடுங்கள். மகளைப் பார்க்காமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

தாயும் பிள்ளையும் தாங்களும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாசலில் குதிரைவண்டிச் சத்தம். பெட்டியோடு இறங்குகிறாள் கோமதித்தாய்! "அவுக ஆபீசுக்குப் போனதும் பஸ் ஏறிட்டேம்ப்பா. எனக்கு இங்கனதான் பெறணும்" என்றாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே வெள்ளத்துரை வாசலுக்குப் போய், "சித்தப்பா, நாத்தத்துல ஓங்கரிப்பா வருது, அந்தக் கல்லை எடுத்திருங்க" என்றாள். பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லும் துணிச்சல் இந்தத் தெருவில் யாருக்கு உண்டு? அவனே குனிந்து பிடுங்கினான். பேச்சித்தாயும் ஓடிப்போய்த் தன் கல்லை எடுத்தாள், நானும் மற்ற இரண்டு வீட்டாரும் எடுத்தோம். அத்தனை தண்ணீரும் பாய்ந்து போய்விட்டது. என் பத்திரத்தை ஒருவரும் கேட்கவில்லை. நாளை முதல் வாறுகாலை யார் கூட்டுவது என்று இன்னும் பேசவில்லை. தாங்கள் தேடாமலிருக்கத் தந்தி கொடுக்கப் போகிறேன். மேலே எழுதிய அனைத்தும் இதன்மூலம் ரத்து. அவளைத் திட்டாதீர்கள். திட்டியே ஆக வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள், அதற்கு நேரில் வர வேண்டும்.