இஞ்ச் டேப் பாய் கொடுத்த பார்க்கிங் பர்மிட்

ஸ்கூட்டருக்கு அளவெடுக்கத் தெரிந்த தையல்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோயம்புத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு வீதியில் இருக்கிறார். வீதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கேயும் வண்டியை நிறுத்த வந்துவிடுவீர்கள்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வீதியில் யாருக்கும் தெரியாது. கழுத்தில் எந்நேரமும் தொங்கும் மஞ்சள் அளவு டேப்பினால் அவர் இஞ்ச் டேப் பாய். ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் கடை. உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், பாய். நாலாவதாக எது உள்ளே வந்தாலும் ஸ்டூல் வெளியே போகவேண்டும்.

வீதியும் அப்படித்தான். எதிரெதிரே ஒரு காரும் ஒரு மாடும் வந்தால், யார் முதலில் போவது என்பதை மாடுதான் முடிவு செய்யும். ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வருகிறவர்கள் வண்டிகளை எங்கள் வாசல்களில் விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துப் புடவைப் பைகளோடு வருவார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வீதி முனையிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்க, வந்து உருட்டிட்டுப் போங்க" என்று குரல் கொடுப்பார்.

ஒருநாள் பாயால் தன் கடைக்குள்ளேயே நுழைய முடியவில்லை. மாடிப்படியை அடைத்துக்கொண்டு யாரோ ஒரு கனத்த பைக்கை நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு அவர் சட்டத்தைக் கையில் எடுத்தார். கூடவே துணியில் கோடு போடுகிற சாக்கட்டியையும்.

வீதி ஆட்களின் ஒவ்வொரு வண்டிக்கும் அளவெடுத்தார். ஹேண்டில் பார் ஷோல்டர். சீட் இடுப்பு. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை முழு நீளம். எல்லாவற்றையும் அளவு நோட்டில் எழுதி, அதன்படி தரையில் கட்டம் போட்டார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டார்.

"அது எதுக்குங் பாய்?" என்று கேட்டால், "தையலுக்கு உள்ள விட்டதுங்க. நாளைக்கே நீங்க பெரிய வண்டி வாங்குனா பிரிச்சு விட்டுக்கலாமுங்க" என்பார்.

மழை பெய்தால் வீதியே அழிந்துபோகும். மறுநாள் காலை குனிந்து மறுபடி போடுவார்.

அடுத்து பர்மிட். தையல்காரர்களின் அளவு நோட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவர் அளவுக்குப் பக்கத்திலும் அவர் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்துக் குத்தி வைத்திருப்பார்கள். பாய் அதே துணியில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டி தைத்து, அந்த வீட்டு வண்டியின் ஹேண்டில் பாரில் கட்டிவிட்டார். பட்டி இருந்தால் வீதி ஆள். இல்லாவிட்டால் வெளியாள்.

வெளியாள் வண்டிகளுக்குத் தண்டனை உண்டு. மற்ற வீதிகளில் டயரில் காற்றைப் பிடுங்குவார்கள். பாய் நாகரிகமானவர். வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, பைக் சைஸுக்கு நாலைந்து பாவாடைகள் தைத்து வைத்திருந்தார். வண்டிக்கு அதை மாட்டி நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார். மீசை வைத்த பெரிய மனிதர் ஒருவர், பூப்போட்ட பாவாடை கட்டிய தன் பைக் முன்னால் நின்று அரை மணி நேரம் முடிச்சோடு போராடியதை வீதியே பார்த்தது. ஒருவர் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, எதிர்வீட்டு அக்காவின் பட்டி மாதிரியே துணி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பாய் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"துணி சரிங்க. தையல் நம்முளுது இல்லைங்களே" என்று சொல்லிவிட்டுப் பாவாடை எடுக்கப் போனார்.

நான் அந்த வீதியில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சொந்தப் பெயரில் வண்டி வாங்கிய முதல் ஆளும் நான்தான். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்கும் என் அப்பா, அந்த ஸ்கூட்டரின் ஆர்.சி.யை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட ஸ்கூட்டர், குடிவந்த மறுநாள் காலை பாவாடை கட்டிக்கொண்டு நின்றது.

நேரே கடைக்குப் போனேன். "எந்த ரூல்லிங்க இது? பேப்பர் இருந்தாக் காட்டுங்க."

பாய் அளவு நோட்டைக் காட்டினார். "இதுல உங்க பேரு இருக்குதாங் அம்மணி? எங்கிட்ட ஒரு துணியாச்சும் தெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்க. நான் ரெடிமேட்தான் போடுவேன்."

மிஷின் நின்றது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அப்பறம் நீங்க எப்படிங் அம்மணி இந்த வீதி ஆளு?"

வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். முத்திரைத்தாளைத் தடவிப் பார்த்து, "நல்ல கெட்டிப் பேப்பருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மாம்பழ மஞ்சளில் ஒரு சுடிதார் துணி வாங்கிக் கொடுத்தேன். அளவுக்கு நான் கொடுத்த ரெடிமேட் சுடிதாரை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது மாதிரி தூக்கினார்.

"எப்பங் கெடைக்கும்?"

"வெள்ளிக்கெழமை வாங்க."

எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்கிற அளவுக்கு எனக்கு அப்போது படிப்பு போதவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடை அரை நாள்தான் என்பதும் தெரியாது. அதுவரைக்கும் தற்காலிகப் பர்மிட் என்று ஹேண்டில் பாரில் ஒரு வெள்ளை நூலைக் கட்டிவிட்டார். "ஓட்டுத்தையலுங்க. பாத்து ஓட்டுங்க." தினமும் உக்கடம் சிக்னலில் அது அறுந்துபோகும். தினமும் சாயங்காலம் போய் நின்று கட்டிக்கொள்வேன். ஒன்பதாவது வெள்ளிக்கிழமை சுடிதார் வந்தது. கூடவே மாம்பழ மஞ்சள் பட்டி. சுடிதாரை விட்டுவிட்டுப் பட்டியைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

அப்புறம் ஒரு நாள், வீதியில் குடியிருப்போர் வண்டிகளுக்கு மட்டும் இனி அரசாங்கமே பர்மிட் ஸ்டிக்கர் கொடுக்கும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், ஏதாவது ஒன்று வேண்டும். வீதி முழுக்கப் படிவத்தோடு என்னிடம் வந்தது. பாய் கடை ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வீட்டுக்கும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். என் அப்பா அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில், "பாய், உங்க மொபெட்டுக்கு?" என்றேன்.

"நம்ம ஊடு உக்கடத்துலங்களே" என்றார்.

"கடைக்கு ஒப்பந்தம்?"

"எங்க அத்தா காலத்துல வாயில பேசுனதுங்க."

"கரண்ட் பில்?"

"அது ஊட்டுக்காரர் பேருல இருக்குதுங்க."

இந்த நிமிஷத்துக்காகத்தான் நான் ஒன்பது வெள்ளிக்கிழமைகள் காத்திருந்தேன். கேட்டே விட்டேன். "அப்பறம் நீங்க எப்படிங் பாய் இந்த வீதி ஆளு?"

பாய் சிரித்தார். "கரெக்டுங் அம்மணி" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். நாலு தடவை முயன்றும் நூல் உள்ளே போகவில்லை.

மறுநாளிலிருந்து மொபெட்டைப் பெரிய ரோட்டில் எங்கேயோ விட்டுவிட்டு, தைத்த துணி மூட்டையைத் தோளில் போட்டு நடந்து வந்தார். கட்டம் போடவில்லை. பாவாடைகளை மடித்து மேலே செருகிவிட்டார். ஸ்டிக்கர் வந்ததில் வீதி ஒழுங்காக இருந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. மொபெட் நிற்கும் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதில் யாரும் வண்டி நிறுத்தவில்லை, மாடுகூடப் படுக்கவில்லை.

மூட்டையோடு அவர் வருவதை மாடியிலிருந்து ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் மிஞ்சியிருந்த படிவம் ஒன்றை எடுத்து முதலிலிருந்து படித்தேன். கடைசிப் பக்கத்தில், வீட்டுக்கு அடிக்கடி வரும் உறவினர் வண்டி ஒன்றையும் சேர்க்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. பாயின் மொபெட் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி, நம்பரையும் அதிலிருந்த பெயரையும் எழுதினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் பெரியப்பா என்று போட்டேன்.

படிவம் வாங்க வீதிக்கு வந்த அதிகாரி என் பெயரைப் பார்த்தார். பாயின் பெயரைப் பார்த்தார். பாயைத் தவிர வீதியில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

"பெரியப்பாங்களா?"

"ஆமாங்க."

என் ஸ்கூட்டரின் மஞ்சள் பட்டியையும், அதே துணியில் நான் போட்டிருந்த சுடிதாரையும் அவர் பார்த்தார். "இந்த வீதியில ஒருக்கா என் வண்டிக்குப் பாவாடை கட்டி உட்டுட்டாங்க" என்றபடி முத்திரையைக் குத்தினார்.

ஸ்டிக்கரைக் கொடுத்ததும் பாய் வாங்கி ஒட்டினார். இஞ்ச் டேப்பை எடுத்து, மொபெட்டில் அது நேராக ஒட்டியிருக்கிறதா என்று அளந்தார். "பெரியப்பான்னு போட்டுப்போட்டீங்களாமா. அடுத்த துணி சீக்கிரமா தெச்சுத் தரோணுமே."

"எப்பங்?"

"வெள்ளிக்கெழமைங்க."

இப்போது நான் கணபதியில் கேட் வைத்த வீட்டில் இருக்கிறேன். வண்டி நிறுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஹேண்டில் பாரில் அந்த மஞ்சள் பட்டி வெளுத்துப் போய் இன்னும் இருக்கிறது. அடுத்த துணியைக் கொடுத்து எத்தனையோ மாதமாகிவிட்டது. வாராவாரம் போய்க் கேட்கிறேன். அவரும் வாராவாரம் அதையே சொல்கிறார்.

மெதுவாகத் தைக்கட்டும். வெள்ளிக்கிழமைகள் நிறைய இருக்கின்றன.