பதினேழாம் வாய்ப்பாடு

கடிதத்தில் இரண்டே வரி. "தாங்கள் அனுப்பிய 36507221999 பகா எண் அல்ல. பதினேழால் மீதியின்றி வகுபடுகிறது."

ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. எட்டு வருஷ உழைப்பு ஐயா! தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த சுவர்க்கடிகாரத்தின் முதுகில் இருந்த எண் அது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாத எண் என்று அவருக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அதை நிரூபிக்க நாளைக்கு ஆறு வகுத்தல், எல்லாம் கையால். கால்குலேட்டரைத் தொடுவது கௌரவக் குறைச்சல். அறுபத்திரண்டு நோட்டு நிரம்பியது. கணிதச் சங்கம் பதில் போடுவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் பேசி, தனக்குத் தானே பாராட்டு விழா வைத்து, சொந்தக்காரர் அத்தனை பேரையும் அழைத்தாகிவிட்டது.

சங்கச் செயலாளருக்கு ஃபோன் போட்டார். பதினேழெல்லாம் சின்னப் பிள்ளைச் சமாசாரம், படித்தவர்கள் இப்படியா கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது என்று காய்ச்சி எடுத்தார். செயலாளர் பொறுமைசாலி. "நீங்களே ஒரு தடவை வகுத்துப் பாருங்க சார். நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

வகுத்தார். மீதி பூஜ்யம். இன்னொரு தடவை வகுத்தார். அதே பூஜ்யம். அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

நூற்றுக்குட்பட்ட பகா எண்களை அவர் தொடவே இல்லை. "உன் மூளைக்கு இது போதும்" என்று முதல் நோட்டை மனைவி பக்கம் தள்ளியிருந்தார். அந்த அம்மாளும் இருபத்தைந்து எண்ணுக்கும் 'வகுபடாது' என்று எழுதித் திருப்பித் தந்திருந்தாள்.

பழி போட ஆள் கிடைத்த தெம்பில் மச்சானைக் கூப்பிட்டு, உங்க அக்கா பண்ணின தப்பால் விழா ரத்து என்றார். அக்கா கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவள், கை தவறாது என்று மச்சான் எகிறினார். போதாததற்கு, எல்லாருக்கும் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சொல்லியும் விட்டார். அரைமணி நேரத்துக்குள் துக்கம் விசாரிப்பது போல வரிசையாக ஃபோன் வந்தது.

ஆய்வாளர் சமையலறைக்குள் போனார்.

"பதினேழை நீ வகுத்துப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் எப்படித் தப்பாச்சு?"

"தப்பாகலை. அன்னிக்கே மீதியில்லாம வகுபட்டுச்சு."

அவருக்கு நெஞ்சு எரிந்தது. அழுகை வரும் போலவும் இருந்தது. கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அடுப்பைக் குறைத்தது. பருப்பு டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தது. கரண்டிகளை நீளவாரியாக அடுக்கி வைத்தது.

"பாவி, எட்டு வருஷம்! ஏன் சொல்லலை?"

அவள் அடுப்பை மறுபடி கூட்டினாள்.

"சொல்லியிருந்தா, இந்த எட்டு வருஷமும் இங்கதானே நின்னிருப்பீங்க."