ஞானத்தகப்பன் காருக்கு அடியில் இருக்கிறார்

கெட்டுப்போன பொருளைச் சரிசெய்யத் தெரிந்தவனுக்கு எந்த வீட்டிலும் மரியாதை உண்டு. அது ஏன் கெட்டது என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டுத் திருப்தியோடு எழுந்து போகிறவனுக்கு எங்கும் மரியாதை கிடையாது. நான் இரண்டாவது ரகம். எங்கள் வீட்டு மிக்ஸி ஏன் நின்றது என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். (புது மிக்ஸி வாங்கி வந்தது என் மனைவி ஸ்டெல்லா.)

ஸ்டெல்லாவின் ஊர் மரக்காணம். அவள் தங்கை ரீட்டாவுக்கு அங்கே, தாய் வீட்டில் வைத்து, பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தை ரீட்டாவின் கணவர் ஊரில், பொம்மையார்பாளையம் பக்கத்துக் கோயிலில் வைப்பதாக ஏற்பாடு. கோயிலில் குழந்தையின் சார்பில் நின்று வாக்குக் கொடுக்கும் ஞானத்தகப்பன் யார் என்பதில்தான் இழுபறி. "மொதப் பேத்தி. எங்க பக்கத்து ஆளுதான் நிக்கணும்" என்று என் மாமனார் ஒற்றைக்காலில் நின்று, சம்பந்தி வீட்டாரிடம் என் பெயரை ஒப்புக்கொள்ள வைத்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு குழந்தைக்காகக் கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கப் போகிறோம் என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஃபாதர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதிலை மட்டும் சென்னையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகினேன்.

கடைத்தெரு அலைச்சலுக்கு உதவட்டுமே என்று ஒரு வாரம் முன்பே காரை மரக்காணத்தில் விட்டுவிட்டு, விசேஷத்துக்கு முதல்நாள் பஸ்ஸில் போய் இறங்கினேன். மாமனார் காரைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டிருந்தார். அது அந்த ஊர் வழக்கம். உப்புக் காற்றுக்கு எதுவும் தப்பாது என்பதால் கேட், பூட்டு, குடைக்கம்பி, கத்தரிக்கோல் என்று எல்லாவற்றுக்கும் வாராவாரம் எண்ணெய் காட்டுவார். அதற்கென்றே மூக்கு நீண்ட குப்பி ஒன்று வைத்திருக்கிறார். அதில் இருப்பது அவருடைய மொபெட்டுக்கு வாங்கிய எஞ்சின் ஆயில்.

மறுநாள் காலை சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நான், பக்கத்தில் மாமனார், பின்னால் ஸ்டெல்லாவும் குழந்தையோடு ரீட்டாவும். ஊரைத் தாண்டி இருபுறமும் உப்பளம் தொடங்கிய இடத்தில் வண்டி கனக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அமுக்கினேன். எஞ்சின் உறுமியதே தவிர வேகம் வரவில்லை.

"என்னா மாப்ள, வண்டி இழுக்க மாட்டேங்குது?" என்றார் மாமனார்.

"எதிர்காத்து மாமா."

(ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை.)

கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை. முன்சக்கரங்களிலிருந்து புகை. ஓரம்கட்டுவதற்குள் வண்டி தானாகவே நின்றுவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து வெகுநேரமாகியும் பிரேக் விடவில்லை. முதல் கியர் போட்டால் வண்டி முக்கியது; நகரவில்லை. பைக்கில் போன ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் கண்ணேறு என்றார்.

பின்னால் ஓர் உப்பு லாரி வந்து நின்றது. பாதி ரோட்டை நான் அடைத்திருந்தேன். டிரைவர் இறங்கி, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த குழந்தையையும் ரீட்டாவின் முகத்தையும் பார்த்தார்.

"ஞானஸ்நானமா? நானும் பாண்டி பக்கந்தான் போறேன். ஏறுங்க, எறக்கி விட்டுடறேன்." சூசை என்று பெயர் சொன்னார்.

ரீட்டாவும் குழந்தையும் மாமனாரும் ஏறினார்கள். ஸ்டெல்லா படியில் கால் வைத்துத் திரும்பினாள். "ஏங்க, வாங்க. வண்டி எங்கயும் போயிடாது."

உண்மைதான். உலகத்திலேயே எங்கேயும் போகமுடியாத வண்டி அதுதான். நான் அப்போதே ஏறியிருக்க வேண்டும். ஆனால் காலை எடுத்த பிறகும் ஒரு பிரேக் ஏன் பிடித்துக்கொண்டே இருக்கிறது? அந்தக் கேள்வியை நடுரோட்டில் அநாதையாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"அஞ்சே நிமிஷம். எதுனாலன்னு மட்டும் பாத்துட்டு, பின்னாலயே பஸ்ஸப் புடிச்சி வந்துடறேன்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வை மிக்ஸியைப் பிரித்த நாளில் பார்த்தது. லாரி போய்விட்டது.

வெள்ளைச் சட்டையோடு ஜாக்கியைப் போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினேன். சுற்றவில்லை. வலது பக்கம் தூக்கினேன், அதுவும் சுற்றவில்லை. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். இரண்டும் ஒன்றாகப் பிடித்தால் கோளாறு மேலே எங்கோ. சக்கரத்துக்குப் பின்னால் காற்று எடுக்கிற சின்ன நிப்பிள் ஒன்று உண்டு. அடியில் படுத்து அதை ஸ்பானரால் லேசாகத் தளர்த்தினேன். பிரேக் ஆயில் என் நெற்றியில் பீய்ச்சி அடித்தது. சக்கரத்தைத் தள்ளினேன், வழுவழுவென்று சுற்றியது. அப்படியென்றால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாமல் ஏதோ அடைத்திருக்கிறது. ரோட்டோரத்தில் தனியாகச் சிரித்தேன். உப்பளத்தில் வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தட்டையாக இருக்க வேண்டிய ரப்பர், எண்ணெயில் போட்ட பூரியாக உப்பியிருந்தது. மோந்து பார்த்தேன். எஞ்சின் ஆயில். அது பட்டால் ரப்பர் ஊதும். உள்ளே பிஸ்டனில் இருக்கும் ரப்பரும் ஊதி, ஆயில் திரும்புகிற ஓட்டையை அடைத்திருக்கிறது. எவனோ ஒரு மகா முட்டாள் பிரேக்கில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறான்.

அந்த ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் குழந்தை ஞாபகம் வந்தது.

பஸ் பிடித்து, முகத்தில் கரியோடு கோயிலுக்கு ஓடினேன். படிக்கட்டில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ரீட்டாவின் பக்கத்தில், எனக்கென்று வாங்கிய மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி, காக்கிச் சட்டையில் சூசை.

நடந்ததை மாமியார் சொன்னார். "ஃபாதருக்கு அடுத்து ஒரு கல்யாணப் பூசை. ரெண்டு தடவ கேட்டாரு, வந்துட்டே இருக்காருன்னோம். அப்பறம், யாராச்சும் நில்லுங்கன்னுட்டாரு. புள்ளய நேரத்துக்குக் கொண்டாந்து சேத்தவரு இவருதான. இவரே நிக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். விளக்கம் கொடுத்தேன். பையிலிருந்து உப்பிய ரப்பரை எடுத்து, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

"காரணம் இதாங்க. எவனோ ஒரு முட்டாள் பிரேக்குல எஞ்சின் ஆயில ஊத்தியிருக்கான்."

மாமனார் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தாம் மாப்ள. கொறைஞ்சி இருந்துச்சி. கொழந்த ஏறப்போற வண்டியாச்சே, துரு கிரு புடிச்சிடப் போவுதுன்னு ஊத்தனேன்."

ரப்பரைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைய பிரியாணியின் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது. மாமனார்தான் என் இலைக்கு எதிரே வந்து நின்று, "சாப்புடுங்க மாப்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குழந்தைக்கு ஷீபா என்று பெயர். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கிறிஸ்துமஸுக்குச் சூசை புது ஃபிராக்கோடு வருவார். அவர் அவளுக்கு ஞானப்பா. நான் 'அஞ்சு நிமிஷ பெரியப்பா'. சம்பந்தி வீட்டில் யார் தாமதமாக வந்தாலும், "காருக்கு அடியில இருந்தியா?" என்பதுதான் கேள்வி.

போன கிறிஸ்துமஸ் அன்று மரக்காணத்தில் ஷீபாவின் சைக்கிளில் பிரேக் பிடித்து, விடாமல் நின்றுவிட்டது. சூசை அங்கேதான் இருந்தார். அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"எதுனாலன்னு பாக்கலாமா பெரியப்பா?"

இருவரும் வாசலில் உட்கார்ந்து பிரித்தோம். உள்ளிருந்து ஸ்டெல்லா சாப்பிடக் கூப்பிட்டாள். "அஞ்சே நிமிஷம்" என்றாள் ஷீபா, எனக்கு முன்னால்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். மாமனார் நீண்ட மூக்குக் குப்பியோடு வந்து நின்றார். ஷீபா எழுந்து, சைக்கிளை மறைத்தபடி இரண்டு கையையும் விரித்து நின்றாள்.