அந்தோனியாருக்கு எழுதிய மனு

புனிதர்களிடம் எதையும் வாயால் கேளுங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். நான் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடம் திருவிழா வரி வீட்டுக்கு இரண்டாயிரம். கோயில் கமிட்டியிலிருந்து கஸ்பார் அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். "மீன்பாடு இல்ல அண்ணாச்சி. கையில ஒண்ணுமில்ல," என்றேன். அவர் நம்பாமல் என் மனைவி ரீத்தாவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரவ பொய் சொல்ல மாட்டாவ," என்றாள் அவள்.

என்னிடம் இருபதாயிரம் இருந்தது. வள்ளத்துக்கு வேறு எஞ்சின் வாங்கச் சேர்த்தது. ரீத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தால் முதலில் வரியைக் கட்டுவாள், அப்புறம் மகளுக்குக் கம்மல் என்பாள். அரசாங்கம் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைப் பிரித்து, பணத்தை உள்ளே வைத்துத் தைத்திருந்தேன். (எங்கள் ஊரில் அதை யாரும் போடுவதில்லை. ஆணியில் தொங்கும். அதைவிடப் பத்திரமான இடம் பேங்கில்கூடக் கிடையாது.)

ஆனாலும் பொய் உறுத்தியது. கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே ஒரு பெட்டி உண்டு. மன்றாட்டு எழுதிப் போடுவார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதத் தெரிந்தது மீன்துறை ஆபீஸுக்கு மனு மட்டும். அதே மாதிரி எழுதினேன்.

"ஐயா, வரி கேட்டு வந்தவர்களிடம் பணம் இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். இருபதாயிரம் ரூபாய் லைஃப் ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது. எஞ்சின் வாங்கும்வரை என் மனைவி கண்ணில் படாமல் காத்துத் தரவும். பத்தில் ஒரு பங்கு தங்களுக்கு."

பெயர் எழுதவில்லை. அவ்வளவு மடையன் இல்லை. வள்ளம் நம்பர் மட்டும் போட்டேன். (நம்பர் இல்லாத மனுவை ஆபீஸில் திருப்பிவிடுவார்கள்.)

செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் அந்தோனியார் நவநாள் ஜெபம். நான் போனதே இல்லை, கடலில் இருப்பேன். அந்தச் செவ்வாய் காற்று பலமாக இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ரீத்தா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். ஆண்கள் பக்கத்தில் கஸ்பார் அண்ணாச்சி நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜெபம் முடிந்ததும் கிளாடிஸ் டீச்சர் மைக் முன்னால் வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம். பெட்டியில் விழுந்ததையெல்லாம் வாசிப்பார்களாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒருத்திக்குக் குழந்தை வேண்டும். ஒருவனுக்கு விசா வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சபை, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் சொன்னேன்.

அடுத்தது "ஐயா" என்று தொடங்கியது.

டீச்சருக்கு நல்ல குரல். பாதியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எடுத்த பாடத்தை நடுவில் விடுகிற பழக்கம் அவருக்கில்லை. நம்பரையும் சேர்த்து வாசித்தார். அந்த மைக் கடற்கரைவரை கேட்கும்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது ஊர். வாய்ப்பழக்கம். ரீத்தாவும் சொல்லியிருப்பாள்.

கஸ்பார் அண்ணாச்சி பீடத்தைப் பார்த்தபடியே கேட்டார். "ஏலே, அது ஒன் வள்ளம்லா?"

"நம்பர் மாறியிருக்கும் அண்ணாச்சி."

"ஜாக்கெட்டும் மாறியிருக்குமோ?"

பெண்கள் பக்கம் ரீத்தா எழுந்து வெளியே போனாள். ஓடவில்லை. பின்னால் போனால் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசி ஆசீர்வாதம்வரை முழங்காலில் இருந்தேன். அவ்வளவு பக்தியாக நான் என்றுமே இருந்ததில்லை.

வீட்டில் ஜாக்கெட் குடல் சரிந்து கிடந்தது. ரீத்தா கையில் இரண்டாயிரத்தோடு வாசலில் நின்றாள். என் பின்னாலேயே அண்ணாச்சி வந்தார், ரசீதுப் புத்தகத்தோடு.

"நாலாயிரம், ரீத்தா," என்றார்.

"வரி ரெண்டுதான?" என்று நான் கேட்டேன்.

"வரி ரெண்டு. பத்துல ஒண்ணு, அது ரெண்டு. ஊரே சேந்து மன்றாடியாச்சுல்லா."

ரீத்தா உள்ளே போய் இன்னும் இரண்டாயிரம் எடுத்து வந்து கொடுத்தாள். அண்ணாச்சி போனதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணாச்சிகிட்ட ஒங்களுக்காகச் சொன்னேன்லா, பொய் சொல்ல மாட்டாவன்னு?"

கிழிந்த ஜாக்கெட்டை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

மீதிப் பணம் அவள் கைக்குப் போனது. அன்றிலிருந்து மீன் விற்ற காசும். எனக்கு டீக்காசு. மறு வருடம் எஞ்சினை அவளே விலை பேசி வாங்கினாள், நான் பேசி வைத்திருந்ததைவிட மூவாயிரம் குறைத்து.

இப்போதெல்லாம் காற்றுக் காலத்தில் நானும் நவநாளுக்குப் போகிறேன். புறப்படும்போது மகளை வைத்துக்கொண்டு ரீத்தா கேட்பாள்:

"ஏதும் எழுதிப் போட்டிருக்கியளா? போட்டிருந்தா இப்பமே சொல்லிருங்க. முன் வரிசையில எடம் பிடிக்கணும்."